குளிரின் பின்பக்கம்

(ஆழ்வார்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இங்கிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் போனால், காமராஜர் சாலையில், மெரினாவைப் பார்த்தபடி வட்ட முகப்போடு விவேகானந்தர் இல்லம் நிற்கிறது. 1897இல் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமிகள் அங்கே தங்கியதால் வந்த பெயர் அது. ஆனால் ஆட்டோக்காரர் இன்றைக்கும் அந்த வட்டாரத்தை ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் சொல்கிறார். அங்குள்ள காவல் நிலையத்துக்கும் அதுவே பெயர். 1842 வாக்கில் அந்தக் கட்டடம் எழுந்தது ஐஸ் வைப்பதற்காக. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பி, நான்கு மாதம் கடலில் மிதந்து, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, ஏறத்தாழ 100 டன்னை உருகாமல் கல்கத்தாவில் இறக்கியது. அந்த வணிகம் பிறகு சென்னைக்கும் பம்பாய்க்கும் விரிந்தது. சென்னையில் அது ஓய்ந்ததற்குக் காரணம் ஏரிகள் வற்றியதல்ல. 1874இல் இந்த ஊரிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கி, நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஊரிலேயே கிடைக்கும்போது உலகத்தின் மறுகோடியிலிருந்து வரவழைப்பானேன்?

இந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதற்குள் குளிர்பதன இயலின் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. ஐஸ் எப்படிக் குளிர்விக்கிறது? தன்னிடமிருந்து எதையும் கொடுத்து அல்ல, எடுத்துக்கொண்டு. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை அந்தத் தண்ணீருக்கு மேலும் கொடுத்தால் சுழியத்திலிருந்து 80 டிகிரி வரை அது சூடேறிவிடும். அவ்வளவு வெப்பத்தையும் ஐஸ் ஒரு டிகிரிகூட ஏறாமல் விழுங்கிக்கொள்கிறது. அந்நாளைய சென்னைக் கனவானின் பானத்திலிருந்த வெப்பம் ஐஸுக்குள் புகுந்தது. சரி, அந்த ஐஸ் முதலில் ஐஸ் ஆனது எப்படி? மாசசூசெட்ஸ் ஏரித் தண்ணீர் உறையும்போது அதே 334 கிலோஜூலை அந்த ஊர்க் குளிர்காற்றில் விட்டுவிட்டுத்தான் உறைந்தது. ஆக டியூடர் சென்னைக்கு அனுப்பியது, தன் வெப்பத்தை முன்கூட்டியே வேறொரு நாட்டில் கொட்டிவிட்டு வந்த தண்ணீரை. குளிர்ச்சி இங்கே, அதற்காக வெப்பம் வெளியேறிய இடம் கடலுக்கு அப்பால், நான்கு மாதப் பயணத் தொலைவில். 1874இல் நடந்த மாற்றத்தின் உட்பொருள், இந்த இரண்டு இடங்களும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்ததுதான். இன்று அவை ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள்.

நான் இன்று வாதிடப்போவது இந்த ஒன்றைத்தான். குளிர்பதனப் பெட்டியோ ஏசியோ குளிரைத் தயாரிப்பதில்லை. அது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடுகிறது. விடும் இடம் எப்படி இருக்கிறது என்பதுதான் அது தின்னும் மின்சாரத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. நாமோ எப்போதும் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடையில் கேட்பதும் உள்பக்கம், விளம்பரம் காட்டுவதும் உள்பக்கம், கையில் இருக்கும் ரிமோட் பேசுவதும் உள்பக்கம்.

ஏசி வாங்கும்போது ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்று கேட்கிறோமே, அந்த டன் ஐஸ் வணிகக் காலத்தின் மிச்சம். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுவதும் சீராக உருகினால் எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியூ என்று மெக்கானிக்குகள் சொல்வதும் அதையே. கிலோவாட்டில் சொன்னால் மூன்றரை. டஸ்கனி கப்பல் அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த ஐஸ் முழுவதையும் நம் படுக்கையறை ஏசி ஒன்றுக்கு ஈடாக வைத்தால், ஒன்றரை டன் கணக்கில், இரவு பகலாக முழு வேகத்தில் ஓடும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வரும். அவ்வளவுதான். ஒரு காலத்தில் கவர்னர் மாளிகை விருந்துக்கே அளந்து செலவழித்த பொருளை ஒரு தெருவே இன்று ஒரே இரவில் கரைத்துவிடுகிறது.

ஐஸ் இல்லாமல் வெப்பத்தை விழுங்கவைப்பது எப்படி? நம் வீட்டு மண்பானை அதற்கு விடை வைத்திருந்தது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஐஸ் உருகுவதைவிட ஏழு மடங்குக்குமேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து லிட்டர் பானையில் வெறும் நூறு மில்லி ஆவியாகிப் போனாலே மீதித் தண்ணீர் கிட்டத்தட்ட ஆறு டிகிரி இறங்கிவிடும், வெளிக்காற்றிலிருந்து வெப்பம் உள்ளே வராமல் இருந்தால். சென்னையில் கத்திரி வெயில் நேரத்து மேல்காற்று உலர்ந்தது. அப்போது பானை நன்றாக வேலை செய்யும். மதியத்துக்குமேல் கடற்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால் ஆவியாதல் மந்தமாகிவிடும். தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஓடவிடும் ஏர்கூலரும் இதே காரணத்தால் மதுரையில் சோபிக்கிற அளவுக்கு மயிலாப்பூரில் சோபிப்பதில்லை.

பானையின் குறை இரண்டு. ஆவியான நீர் திரும்ப வராது. எந்த வெப்பநிலையில் ஆவியாக வேண்டும் என்பதும் நம் கையில் இல்லை. இரண்டாவது குறைக்கு மருந்து, அழுத்தம். உதகையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சோறு வேக நேரமாகிறது. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரிவரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. அழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த வெப்பநிலையிலும் கொதிக்கும், கூட்டினால் அதிக வெப்பநிலையிலும் ஆவி மறுபடி திரவமாகும். தண்ணீருக்குப் பதிலாக எளிதில் கொதிக்கிற இன்னொரு பொருளை எடுத்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம். 1750களில் எடின்பரோவில் வில்லியம் கல்லன் ஈதரைச் சுற்றியிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, அதைக் கொதிக்கவைத்தே ஐஸ் செய்து காட்டினார். அடுப்பு இல்லாமல் கொதிக்கிறது, கொதித்துக்கொண்டே உறையவைக்கிறது. அன்றைக்கு அது வேடிக்கைக் காட்சியாகவே நின்றுவிட்டது, ஏனென்றால் ஆவியான ஈதர் போனது போனதுதான். போன ஆவியைப் பிடித்து, அழுத்தி, மறுபடி திரவமாக்கி, அதே சுற்றில் திரும்பவிடும் மூடிய ஏற்பாட்டுக்கு 1834இல் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்றார். இன்று உங்கள் சமையலறையில் இருப்பது அடிப்படையில் அதே ஏற்பாடு.

ஃப்ரிட்ஜின் பின்னால் கீழே, கறுப்பாக, பானை கவிழ்த்ததுபோல இருப்பது கம்ப்ரஸர். அது ஆவியை அழுத்தும். அழுத்தப்பட்ட ஆவி சூடாகும். ஆர்-134ஏ என்ற வாயு உள்ள பெட்டியானால் ஃப்ரீஸர் பக்கத்தில் அதன் அழுத்தம் ஏறத்தாழ வளிமண்டல அளவை ஒட்டியிருக்கும், கம்ப்ரஸருக்கு அப்புறம் பத்து மடங்குக்கு மேலே போகும். அந்த அழுத்தத்தில் அது ஐம்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே திரவமாகிவிடும். சமையலறை முப்பத்தைந்து டிகிரி என்றாலும் அதைவிட இது சூடு. ஆகவே வெப்பம் தானாகவே குழாயிலிருந்து அறைக்குள் இறங்குகிறது. அந்தக் குழாய்தான் கண்டென்ஸர். பழைய பெட்டிகளில் முதுகில் கறுப்புக் கம்பி வலையாகத் தெரியும். அதில் ஈரத்துணி காயப்போட்ட வீடுகள் உண்டு. புதிய பெட்டிகளில் அதைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைத்துவிட்டார்கள். அதனால்தான் புதுப் பெட்டி வாங்கிய வாரத்தில், பக்கம் சுடுகிறதே என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். சுடத்தான் வேண்டும். உள்ளே வைத்த பாலின் சூடும் குழம்பின் சூடும் கம்ப்ரஸர் தின்ற மின்சாரமும் சேர்ந்து வெளியேறும் வாசல் அது. சுடாமல் இருந்தால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். திரவமான வாயு அடுத்து தலைமுடிபோல மெல்லிய செம்புக் குழாய் வழியாகத் தள்ளப்படுகிறது, கேபிலரி என்பார்கள். அந்தக் குறுகலைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, திரவம் சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரியிலேயே கொதிக்கிறது, கொதிக்க வேண்டிய வெப்பத்தை ஃப்ரீஸரின் சுவரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு மறுபடி கம்ப்ரஸர்.

இதில் எங்கேயும் வாயு செலவாவதில்லை என்பதைக் கவனியுங்கள். ‘கேஸ் தீர்ந்துபோச்சு, வருஷா வருஷம் ஏத்தணும்’ என்று யாராவது சொன்னால் அது சமையல் சிலிண்டரின் நியாயம், இதற்குப் பொருந்தாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவது. சிங்கிள் டோர் பெட்டியில் கட்டி தட்டிய ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும்போது அந்த ஓட்டை விழுவதுண்டு. குழாய் அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேயேதான் ஓடுகிறது. அணைத்துவிட்டுப் பொறுத்திருந்தால் ஐஸ் தானே விழும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய உறவு. தீப்பற்றக்கூடியது, ஆனால் சில பத்து கிராம்தான்.

இனி வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்குத் தானாகப் போகும். குளிரிலிருந்து சூட்டுக்குத் தானாகப் போகாது, வேலை செய்தே தள்ள வேண்டும் என்று 1850இல் கிளாசியஸ் விதியாகச் சொன்னார். எவ்வளவு வேலை? அதற்கான அடித்தளத்தை 1824இலேயே பிரெஞ்சுக்காரர் சாதி கார்னோ போட்டுவிட்டார். சென்னைவாசிகளுக்கு இதை விளக்க சம்ப்பையும் மாடித் தொட்டியையும் காட்டினால் போதும். ஒரே அளவு தண்ணீரை முதல் மாடிக்கு ஏற்றுவதற்கும் நான்காம் மாடிக்கு ஏற்றுவதற்கும் மோட்டார் தின்னும் மின்சாரம் வேறு. தண்ணீர் அளவு மட்டும் போதாது, உயரமும் வேண்டும். இங்கே உயரம் என்பது வாயு கொதிக்கும் வெப்பநிலைக்கும் திரவமாகும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி. அறை 24 டிகிரி, தெரு 35 டிகிரி, ஆக உயரம் 11 என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பம் குழாய்க்குள் ஏற, குழாய் அறையைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும், அது பத்து டிகிரியில் இருப்பதாக வையுங்கள். வெளியே இறங்க, குழாய் தெருவைவிடச் சூடாக இருக்க வேண்டும், 45 டிகிரி என்று வையுங்கள். உண்மையான உயரம் 35. கார்னோவின் கணக்குப்படி குறையே இல்லாத இயந்திரம் ஒரு பங்கு மின்சாரத்துக்கு எட்டுப் பங்கு வெப்பத்தைத் தூக்கும். வெளிப்பக்கம் மோசமாகி 55 டிகிரிக்கு ஏறினால் எட்டு என்பது ஆறே கால் ஆகிவிடும். நிஜ இயந்திரங்கள் இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆனால் விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அறைக்குள் எதுவும் மாறவில்லை, ரிமோட்டில் அதே 24. வெளிப்பக்கத்தில் பத்து டிகிரி ஏறியதற்கு மின்சாரம் நான்கில் ஒரு பங்குக்குமேல் கூடிவிட்டது. ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி, மேலே துணி போட்டு மூடி, இரண்டு பக்கமும் மரச்சட்டம் அடித்து அலங்கரிக்கும் மாடுலர் சமையலறை செய்வதும் இதைத்தான்.

ஒரு மறுப்பு எழும். ‘இதெல்லாம் பழைய இயந்திரத்துக்கு. இப்போது இன்வெர்ட்டர் வந்துவிட்டது, புதுப்புது கேஸ் வந்துவிட்டது, இன்னும் பத்து வருஷத்தில் உங்கள் பின்பக்கமே இருக்காது.’ முதலில் கேஸ். அதன் வரலாறு பெரும்பாலும் பாதுகாப்பின் வரலாறு. அம்மோனியா நன்றாக வேலை செய்யும். பெரிய ஐஸ் ஆலைகளில் இன்றும் அதுதான். ஆனால் கசிந்தால் மூச்சை அடைக்கும், வீட்டுக்கு ஆகாது. 1928இல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன் எரியாது, நஞ்சில்லை என்று வீட்டுக்குள் வந்தது; அது மேலே போய் ஓசோனைத் தின்கிறது என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் சொன்னார்கள்; 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. மாற்றாக வந்தவை ஓசோனை விட்டுவைத்தன, ஆனால் புவியைச் சூடாக்கின. ஏசிகளில் இன்று பரவலாக உள்ள ஆர்-32, நூறாண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதற்கு முன்பிருந்த ஆர்-410ஏ இரண்டாயிரம் மடங்குக்குமேல். 2016இன் கிகாலி திருத்தத்தின்படி இந்தியா 2028இல் இவற்றுக்கு உச்சவரம்பு கட்டி, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் எந்த வாயுவை ஊற்றினாலும் உயரக் கணக்கு மாறாது; கார்னோவின் சூத்திரத்தில் வாயுவின் பெயருக்கு இடமே கிடையாது. இன்வெர்ட்டரோ என் வாதத்துக்குச் சாட்சி. கம்ப்ரஸர் மெதுவாக ஓடும்போது அதே அளவுக் குழாய்ப்பரப்பு குறைந்த வெப்பத்தைக் கையாள்கிறது. ஆகவே உள்குழாய் அவ்வளவு குளிர வேண்டாம், வெளிக்குழாய் அவ்வளவு சுட வேண்டாம். உயரம் குறைகிறது. சிக்கனம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

உயரத்தை உள்பக்கத்திலிருந்தும் குறைக்கலாம். 2020 ஜனவரி முதல் விற்கும் ஏசிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருப்பது அதற்காகத்தான். ஒரு டிகிரி கூட்டிவைத்தால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. சீக்கிரம் குளிரட்டும் என்று 18 வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேகம் மாறாத ஏசி 18 வைத்தாலும் 24 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 என்பது எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டளை, எவ்வளவு விரைவாக என்பதல்ல.

சென்னைக்கே உரிய ஒரு சுமையும் உண்டு, ஈரம். ஏசியின் உள்குழாயில் அறைக்காற்றின் நீராவி படிந்து நீராகும்போது, பானையில் போன வெப்பம் இங்கே திரும்பி வருகிறது. கிலோவுக்கு அதே 2,430 கிலோஜூல். வெளியே சொட்டும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து அளந்து பாருங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டர் சேர்ந்தால் ஒரு கிலோவாட் குளிர்விக்கும் திறன் அதற்கே போயிருக்கிறது; ஒன்றரை டன் ஏசியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு. வெப்பமானியில் ஒரு டிகிரிகூட இறங்காமலே போன பங்கு. அதை வீண் என்று சொல்லமாட்டேன். வியர்வை காய்வதற்கு அந்த ஈரம் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் கதவடி இடுக்கும் சாத்தாத குளியலறை ஜன்னலும் கடற்காற்றின் ஈரத்தை ஓயாமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்தால், வங்கக் கடலைப் பக்கெட்டில் இறைக்கும் வேலையைத்தான் அந்த இயந்திரம் செய்கிறது. மின்விசிறியைச் சேர்த்துப் போட்டு 26இல் வைத்தால் வியர்வை அதிகம் தெரியாது. பலர் சொல்லிச் சலித்த யோசனை, ஆனாலும் சரியான யோசனை.

மார்கழி மாதச் சபாக்களைப் பாருங்கள். வெளியே பனி விழுகிறது, மஃப்ளர் கட்டிய மாமாக்கள் வருகிறார்கள், உள்ளே ஏசி ஓடுகிறது. முரண்பாடாகத் தோன்றலாம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ நூறு வாட் வெப்பம் விடுகிறது. எண்ணூறு பேர் நிறைந்த அரங்கில் ரசிகர்களே 80 கிலோவாட், 23 டன். விளக்குகளைச் சேர்க்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்ச்சி மலிவானது. மார்கழி மாலையில் வெளிக்குழாய் 38 டிகிரியில் இருந்தாலே போதும். மே மாத மதியம் அது 53க்குப் போக வேண்டும். கார்னோ கணக்கில் முன்னது பத்து, பின்னது ஆறரை. அதே ஒரு டன்னுக்கு மே மாதத்தில் ஒன்றரை மடங்கு மின்சாரம். நிகழ்ச்சிகளை டிசம்பரில் வைத்த முன்னோர்கள் இதை யோசித்திருக்கமாட்டார்கள். பலன் என்னவோ கிடைக்கிறது. கச்சேரி நடுவே குளிர் கூடி மிருதங்கத்தின் சுருதி மாறுவது வேறு கணக்கு, அதை வித்வான்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. ‘வெளிக்காற்று அளவற்றது. அதில் நான் கொட்டும் கொஞ்சம் வெப்பத்தால் என்ன ஆகிவிடும்?’ கணக்காகவே பார்ப்போம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் 5.3 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கிறது, தான் தின்ற மின்சாரம் ஒன்றரை கிலோவாட், ஆக வெளியே விடுவது 6.8. இரண்டு கிரவுண்டு மனையில் பத்து வீடு, வீட்டுக்கு இரண்டு ஏசி என்றால் 136 கிலோவாட். அதே இரண்டு கிரவுண்டு மேல் நடுப்பகலில் விழும் வெயில் 400 கிலோவாட்டுக்குக் குறையாது. ஆகப் பகலில் மறுப்பாளர் சொல்வது பாதி சரி. சூரியனுக்கு முன்னால் நாம் சிறியவர்கள், மதியம் கடற்காற்று வந்து அள்ளிக்கொண்டும் போய்விடுகிறது. இரவு பத்துமணிக்குச் சூரியன் இல்லை, காற்றும் தளர்ந்திருக்கும், 136 மட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தை வைத்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கு, ஏசிகள் விடும் வெப்பத்தால் இரவுக் காற்று சில இடங்களில் ஒரு டிகிரிக்குமேல் சூடேறுவதாகச் சொன்னது. ஃபீனிக்ஸ் பாலைவனம், இது கடற்கரை. அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. நம் ஊரில் சிக்கல் நகரத்து வானத்தைவிட, இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள ஆறடிச் சந்தில் இருக்கிறது. எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய எந்தத் தெருவிலும் நின்று அண்ணாந்து பார்க்கலாம்: காற்றுக்கென்று விட்ட சந்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அவுட்டோர் யூனிட்டுகள், எதிர்க்கட்டடத்திலும் அதேபோல, முகத்துக்கு முகம். தரைத்தளம் விட்ட சூட்டை முதல் மாடி உறிஞ்சுகிறது, முதல் மாடி விட்டதை இரண்டாம் மாடி. வானிலை நிலையம் 32 டிகிரி என்று சொல்லும் இரவில் நான்காம் மாடி யூனிட் உறிஞ்சுவது அந்த 32 டிகிரிக் காற்றை அல்ல. அதற்கான கூடுதல் கட்டணத்தை அந்த வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டு, ஏசி கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பெரிய கட்டடங்கள் இந்த உயரத்தைக் குறைக்க வேறு வழி வைத்திருக்கின்றன. மொட்டை மாடியில் கூலிங் டவர் வைத்து, தண்ணீரை ஆவியாக்கி, அதனால் கண்டென்ஸரைக் குளிர்விக்கிறார்கள். மண்பானை மறுபடி மாடியேறி வந்ததாக வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ஒரு டன்னுக்கு மணிக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் நீர் ஆவியாகும். நூறு டன் ஆலையில் மூன்று மணி நேரத்துக்கு இரண்டாயிரம் லிட்டர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த ஊர் இது. மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் கொடுக்கிறோம். சுத்திகரித்த கழிவுநீரை இதற்குத் திருப்பினால் ஒழிய, இந்த வழியை நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

‘அப்படியானால் ஏசியே வேண்டாம் என்கிறீரா?’ இல்லை. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்காவிட்டால் தடுப்பூசிகள் பலவும் பயன்படாமல் போகும். திறக்காத இன்சுலின் பாட்டிலுக்கும் அதே கணக்கு. காசிமேட்டு விசைப்படகு ஐஸ் இல்லாமல் கிளம்பினால் மீன் கரை சேராது. ஆவின் பால் காலையில் கெடாமல் வாசலுக்கு வருவது இரவெல்லாம் ஓடிய கம்ப்ரஸர்களால். ஈரம் நிறைந்த மே மாத இரவில் வயதானவர்களுக்கு ஏசி சொகுசு என்று சொல்பவரோடு நான் சேரமாட்டேன். வியர்வை காயாத உடம்பு தன் வெப்பத்தை விட வேறு வழியில்லாமல் தவிக்கிறது. என் வழக்கு குளிரின்மேல் அல்ல, அதன் பின்பக்கத்தைக் கட்டடம் கட்டுகிறவரும் வாங்குகிறவரும் கணக்கிலேயே சேர்க்காததன்மேல். மழைநீர் சேமிப்பை வரைபடத்தில் காட்டாமல் இந்த ஊரில் கட்ட அனுமதி கிடைக்காது. கார் நிறுத்தத்துக்குச் சண்டை போட்டு அளந்து வாங்குகிறோம். 136 கிலோவாட் வெளியேறும் இடத்தை மட்டும் பிளம்பரும் ஏசி பொருத்த வரும் பையனும் அன்றைக்கு ஏணி எட்டும் உயரத்தை வைத்து முடிவு செய்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் முப்பது நாற்பது வருஷத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடித்துக் கட்டப்படுகின்றன. உங்களில் பலர் இப்போதே பில்டரோடு பேச்சுவார்த்தையில் இருக்கலாம். ஜன்னல் தகடும் மார்பிள் நிறமும் பேசும்போது, அவுட்டோர் யூனிட்டுகள் எங்கே உட்காரும் என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். மொட்டை மாடியில் நிழலில், காற்று நான்கு பக்கமும் வரும்படி வைக்க முடியுமா, செம்புக் குழாய் எவ்வளவு நீளம் போகும், மாடிகள் அதிகமானால் தெருப்பக்கம் பார்த்த தட்டுகளில் ஒன்றுக்கொன்று விலகி வைக்க முடியுமா, சுத்தம் செய்ய ஆள் போய் நிற்க இடமுண்டா, சொட்டும் நீர் எந்தக் குழாயில் இறங்கும். நீளமான குழாய் கொஞ்சம் திறனைத் தின்னும் என்று அவர் சொல்வார், உண்மைதான். சந்தில் சுடுகாற்றை மறுபடி உறிஞ்சுவது அதைவிட அதிகம் தின்னும் என்று நீங்கள் பதில் சொல்லலாம். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கைக்கு வந்த பிறகு கேட்டால் உங்கள் பால்கனியைத்தான் காட்டுவார்.